இதுவரை வராத ஏஸ்

"பத்து சீட்டு போயாச்சு, ஒரு ஏஸ்கூட வரல. அடுத்தது வந்தே தீரும்!" சீட்டாடும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. நாணயம் சுண்டும்போது இப்படிச் சொன்னால் அது தப்பு. பத்து முறை தொடர்ந்து பூ விழுந்தாலும், பதினோராவது முறை தலை விழ அதே பாதி வாய்ப்புதான். சீட்டுக்கட்டின் கதை வேறு. எடுத்த சீட்டு கட்டுக்குத் திரும்புவதில்லை. 52 சீட்டில் 4 ஏஸ் என்றால் தொடக்கத்தில் 7.7 சதவீதம், பத்து சீட்டு போனபின் 42-ல் 4, அதாவது 9.5 சதவீதம். "வந்தே தீரும்" என்பது பேராசை. ஆனால் வாய்ப்பு கூடியிருப்பது உண்மை.

முதல் சீட்டே ஏஸாக வந்துவிட்டால் கணக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். மீதி 51-ல் மூன்றுதான் இருக்கிறது. ஆகவே அடுத்தடுத்து இரண்டு ஏஸ் வர வாய்ப்பு 1/13 × 1/17, அதாவது 221-ல் ஒன்று.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. முதல் சீட்டைப் பார்க்காமலே கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டாவதைத் திருப்புங்கள். அது ஏஸாக இருக்க என்ன வாய்ப்பு? முதல் சீட்டு ஏஸாக இருந்தால் (13-ல் 1) மீதியில் 3. இல்லையென்றால் (13-ல் 12) மீதியில் 4. 1 × 3 + 12 × 4 = 51. கீழே 13 × 51. இரண்டு 51-ம் அடிபட்டுப்போக, மிஞ்சுவது பழைய 1/13! கட்டின் நடுவிலிருந்து உருவினாலும் கடைசிச் சீட்டைத் திருப்பினாலும் இதே விடைதான். சீட்டு இடம் மாறியதால் வாய்ப்பு மாறுவதில்லை. நாம் அதைப் பார்த்ததால்தான் மாறுகிறது.

ரம்மியில் கை தேர்ந்தவர்கள் செய்வதும் இதைத்தான். இரண்டு கட்டு வைத்து ஆடும்போது, கையில் ஆட்டின் (ஹார்ட்ஸ்) 5, 6 இருந்தால் 4 அல்லது 7 வரலாம். மொத்தம் நான்கு சீட்டு. 5, 7 இருந்தால் 6 மட்டுமே, இரண்டே சீட்டு. (ஜோக்கரை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) அந்த இரண்டு ஆறுகளும் ஏற்கெனவே கீழே விழுந்திருந்தால், 5-ஐயும் 7-ஐயும் அதற்காகப் பிடித்துக்கொண்டிருப்பது வீண். ஆந்திரத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 1967-ல் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டமே என்றது. விழும் சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதை விடுவது என்று தெரிய வேண்டும் என்பது அது சொன்ன காரணம். கணிதமும் அதையே சொல்கிறது என்பேன்.

அமெரிக்கக் கணிதவியலாளர் எட்வர்ட் தோர்ப் இதை பிளாக்ஜாக் ஆட்டத்தில் காட்டினார். போன சீட்டுகளைக் கவனித்து, மீதியில் ஏஸும் பத்து மதிப்புச் சீட்டுகளும் அதிகம் இருக்கும்போது பந்தயத்தைக் கூட்டினால் ஆடுபவர் கை ஓங்கும் என்று ஐபிஎம் கணினியில் கணக்குப் போட்டு, 1962-ல் 'பீட் தி டீலர்' என்ற நூலில் விளக்கினார். சூதாட்ட விடுதிகள் சும்மா இருக்கவில்லை. பல கட்டுகளைச் சேர்த்துக் கலைத்தன. கட்டு தீருமுன்பே மறுபடி கலைத்தன. ஒரே கட்டில் ஓர் ஏஸ் போனால் அடுத்ததும் ஏஸாக வரும் வாய்ப்பு 7.7-லிருந்து 5.9 சதவீதமாகச் சரியும். ஆறு கட்டு சேர்ந்த 312 சீட்டில் அது 7.4-க்குத்தான் இறங்கும்.