உடம்புக்குள்ளே – 9: சளி ஏறிவரும் வழி

2005 ஆகஸ்ட் 11. கோல சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் புகைமூட்ட அவசரநிலை அறிவிக்கப்பட்டது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 300ஐத் தாண்டினாலே அபாயம். அன்று 500ஐயும் தாண்டியிருந்தது. சுமத்ராவில் எரிந்த காட்டின் புகை மலாக்கா நீரிணையைக் கடந்து வந்து அசாம் ஜாவா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத்துச் செம்பனைகள்மேல் கவிந்தது. சில நாளில் வானம் தெளிந்து அவசரநிலையும் நீங்கியது. ஆனால் அந்தப் புகையைச் சுவாசித்தவர்களின் நெஞ்சுக்குள் துப்புரவு வேலை அதற்குப் பிறகும் நடந்தாக வேண்டும். இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் உண்டு, ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 200. ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் 100இல் ஒரு பங்கு நீளம்கூட இல்லை. மெல்லிய நீர்ப்படலத்தில் நின்றபடி நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை அடிக்கின்றன. அவற்றின் நுனிமேல் சளி மிதக்கிறது. தூசி, புகைத்துகள், கிருமி எது வந்து ஒட்டினாலும் சளியோடு சேர்ந்து நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் தொண்டைக்கு ஏறுகிறது. அங்கே வந்ததை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். மிச்சத்தை வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும்.

சளியில் 95 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். மீதியில் முக்கியமானவை மியூசின் என்ற புரத நூல்கள். நீர் குறைந்தால் சளி இறுகி இழைகளை அமுக்கிவிடும். புகை இழைகளைச் சோரச் செய்கிறது. சளி சுரக்கும் செல்களையும் தூண்டிவிடுகிறது. சுமை கூடுகிறது, சுமப்பவை ஓய்ந்துவிடுகின்றன. அப்போது இருமல்தான் கைகொடுக்கிறது. அதனால் சளியோடு வரும் இருமலை அடக்க மருந்து தேடுவதை நான் ஏற்கமாட்டேன். கோடீன் கலந்த மருந்து இருமலை அடக்கும். சளி உள்ளேயே தங்கிவிடும்.

சளியை இளக்கும் மருந்துகளுள் ஆடாதோடையின் கதை நமக்கு நெருக்கமானது. சித்த வைத்தியத்தில் குடிநீராகவும் மணப்பாகாகவும் வழங்கிவரும் அந்த இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. அதை அடியொற்றி வேதியியலார் செய்ததுதான் புரோம்ஹெக்சின். 1963இல் பிஸால்வான் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அது உடம்பில் மாறிக் கிடைக்கும் பொருளே அம்புரோக்சால். இரண்டும் சளியின் பிசுபிசுப்பைக் குறைக்கின்றன. அசிட்டைல்சிஸ்டைன் வேறு விதம்: மியூசின் நூல்களைப் பிணைக்கும் கந்தக முடிச்சுகளையே அறுக்கிறது. குவைஃபெனசின் வயிற்றின் நரம்புகளைச் சீண்டி, அதன்வழி மூச்சுக்குழாய்ச் சுரப்பிகளை நீர் விடச் செய்வதாகக் கருதப்படுகிறது.

சாதாரணத் தடுமனுக்கு இவற்றின் பலன் சிறிதே. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கிய இருமல் மருந்து வேண்டாம். கற்பூரவள்ளிச் சாறும் சுக்குக் காப்பியும் தொண்டைக்கு இதம். தேன் பிள்ளைகளின் இரவு இருமலைத் தணிக்கும் என்பதற்குச் சான்று உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது.

இந்த மருந்துகள் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. நுரையீரலின் காற்றறைகளில் நுண்ணிழைகள் கிடையாது. புகையின் மிகச் சிறிய துகள்கள் நேரே அங்கேதான் இறங்குகின்றன. அவற்றை வாசலிலேயே நிறுத்த வேண்டும்; அதற்கு என்95 முகக்கவசம் வேண்டும். புகைமூட்ட நாளில் குலை அறுக்கப் போகிறவரிடம் வீட்டிலேயே இருங்கள் என்று சொல்வதில் பயனில்லை. அன்றைய கூலி இல்லாமல் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. கவசத்தைத் தோட்ட நிர்வாகம் கொடுக்க வேண்டும், புகை கடுமையான நாளில் சம்பளத்தோடு விடுப்பும் கொடுக்க வேண்டும்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, சளியில் ரத்தம் கண்டாலோ மருந்துக்கடையோடு நின்றுவிடாதீர்கள். அரசாங்க கிளினிக்குக்குப் போய்ச் சளியைச் சோதிக்கக் கேளுங்கள். காசநோய் சிலாங்கூரில் இன்னும் இருக்கிறது, அதைக் குணப்படுத்தும் மருந்தும் இருக்கிறது.