வழுக்கும் பெல்ட்டும் பஞ்சாயத்துப் பணமும்

யந்திரத்தை வாங்குவதற்குக் காட்டும் உற்சாகத்தை அதைப் பாதுகாப்பதிலும் காட்டுவோமாயின், பஞ்சாயத்துகளின் பணம் எவ்வளவோ மிச்சப்படும். இதை நமக்கு உணர்த்திய அனுபவம் ஒன்றை அங்கத்தினர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

சென்னையின் தெற்கு எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில், பள்ளி மைதானத்துப் புல்லை வெட்டுவதற்கென, அடையாறு பகுதியில் உபயோகத்திலிருந்த பழைய புல்வெட்டி யந்திரம் ஒன்றைப் பஞ்சாயத்தார் விலைக்கு வாங்கினர். சிறு டிராக்டரைப் போல் மேலே அமர்ந்து ஓட்டும் வகை அது. இரண்டாண்டுகள் நன்கு உழைத்தது. மூன்றாம் ஆண்டு ஐப்பசி மழைக்குப் பின் அதற்குக் கேடு வந்தது. என்ஜின் முழு வேகத்துடன் ஓடியும் கத்திகள் தளர்ந்தன. வெட்டிய இடத்தில் புல் கீற்றுக் கீற்றாக நின்றது. ரப்பர் கருகும் வாடை வீசியது. புதிய பெல்ட் மாட்டினார்கள். அதுவும் ஒரு வாரத்தில் கருகியது. யந்திரத்தையே ஏலம் போட்டுவிடலாமென்று கூட்டத்தில் பேச்சு எழுந்தபோது நம்மிடம் ஆலோசனை கேட்டார்கள்.

மயிலாப்பூரில் மாவு மில் பெல்ட்டுகளைப் பல்லாண்டுகளாகப் பழுது பார்த்துவரும் முதியவர் ஒருவரை அழைத்துச் சென்றோம். அவர் யந்திரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெல்ட்டைக் குறை சொல்லாதீங்க ஐயா, அதை இழுத்துப் பிடிக்கிற கையைப் பாருங்க" என்றார். இக்கட்டுரையின் சாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

பெல்ட் ஏன் வழுக்குகிறது?

என்ஜினின் சக்தி, புல்லி எனப்படும் கப்பிகளின் மீது ஓடும் பெல்ட்டின் வழியாகவே கத்திகளைச் சென்றடைகிறது. இத்தகைய பெல்ட் ஆப்பைப் போல் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். கப்பியின் பள்ளத்தில் இதன் இரு பக்கங்களே பற்றிக்கொள்ள வேண்டும். அடிப்பாகம் பள்ளத்தின் தரையைத் தொடலாகாது. தொட்டால் ஆப்பின் பிடிப்புப் போய்விடும்.

பெல்ட்டை இறுக்கமாக வைத்திருப்பது ஒரு தனிக் கப்பி. அது ஓர் இரும்புக் கையின் நுனியில் அமைந்திருக்கும். அக்கையை ஸ்பிரிங் இழுத்துக்கொண்டிருக்கும். கத்தியை ஓட்டும் நெம்புகோலைத் தள்ளினால் இக்கை பெல்ட்டை இறுக்கும். விடுவித்தால் பெல்ட் தளர்ந்து கத்தி நின்றுவிடும். ஆகவே கை துருப்பிடித்து அசையாது போனாலும், ஸ்பிரிங் தொய்ந்தாலும், எத்தனை புதுப் பெல்ட் மாட்டினாலும் பயனில்லை. கடற்காற்றின் ஈரம் மிகுந்த சென்னைப் பகுதியில் துரு விரைவில் ஏறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் விரல்களைக் காப்போம்

பெல்ட் எங்கே வழுக்குகிறது என்று ஓடும்போதே குச்சியால் அழுத்திப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இது பெருந்தவறு. மாவு மில்லில் துண்டின் நுனியோ சேலைத் தலைப்போ பெல்ட்டில் சிக்கினால் என்ன விபரீதம் நேரும் என்பதை அனைவரும் அறிவோம். இங்கு கத்தியின் அபாயமும் சேர்ந்துகொள்கிறது. ஆதலால் என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்ற வேண்டும். சூடு ஆறிய பிறகு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கனமான கையுறை அணிந்தே கத்திப் பக்கம் கைவைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யந்திரத்தின் அடியில் புகலாகாது.

பார்க்க வேண்டிய வரிசை

1. கத்தியின் மேலுள்ள மூடியில் ஈரப்புல் அடைந்திருக்கிறதா என்று பார்த்துச் சுரண்டி எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் அடைந்த புல்லே கத்திக்குப் பெரும் பாரமாகிவிடும்.

2. ஒவ்வொரு கத்தியையும் கையால் சுற்ற வேண்டும். கரகரவென்று ஓசையிட்டாலும் இறுகி நின்றாலும் பேரிங் கெட்டிருக்கிறது என்று பொருள்.

3. இறுக்கும் கையை அசைத்துப் பார்க்க வேண்டும். துருவை நீக்கி, கை அசையும் மூட்டில் மட்டும் கிரீஸ் இடவேண்டும். தொய்ந்த ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும்.

4. கப்பிகளின் பள்ளத்தைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்ய வேண்டும். பள்ளத்தின் அடி பளபளத்தால் பெல்ட்டோ கப்பியோ தேய்ந்திருக்கிறது.

5. பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போல் மின்னினாலும், வெடித்திருந்தாலும், எண்ணெயில் ஊறியிருந்தாலும் மாற்றியே ஆகவேண்டும். எண்ணெய் என்ஜினிலிருந்து ஒழுகியதானால், அக்கசிவை அடைத்த பின்னரே புதிய பெல்ட்டை மாட்ட வேண்டும்.

பழைய தோல் பெல்ட்டுகளுக்குக் குங்கிலியம் தடவியதை நினைவில் வைத்து இதற்கும் தடவுவோர் உளர். அது தூசியையும் புல்லையும் ஒட்டவைத்துப் பெல்ட்டை மேலும் கெடுக்கும்.

வாங்கும்போது எச்சரிக்கை

பெல்ட்டின் முதுகில் அச்சிட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்ல வேண்டும். சாதாரண வி பெல்ட்டுகளில் ஏ வகை 13 மில்லிமீட்டரும், பி வகை 17 மில்லிமீட்டரும் மேலகலம் உடையவை. நம் மாநிலத்தில் மதுரையிலேயே வி பெல்ட்டுகள் தயாராகின்றன. ஆனால் புல்வெட்டியின் பெல்ட், நெம்புகோலைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் சற்று வழுக்கியே பிடிக்கிறது. அதைத் தாங்குவதற்கென வலுவான இழையும் துணியுறையும் கொண்ட பெல்ட்டையே அதற்கு வாங்க வேண்டும். அளவு பொருந்துகிறதென்று மாவு மில் பெல்ட்டை மாட்டினால் விரைவில் கருகிவிடும்.

இறுக்கமாக இருக்கட்டுமென்று நீளம் குறைந்த பெல்ட்டை மாட்டுவது அதைவிட ஆபத்தானது. நெம்புகோலை விடுவித்த பின்னும் கத்தி நில்லாமல் சுழலும். பள்ளிப் பிள்ளைகள் ஓடியாடும் மைதானத்தில் இதைவிடப் பெரிய அபாயம் வேறில்லை. எனவே பழுது பார்த்து முடித்ததும், எவரையும் அருகில் விடாமல் ஓட்டி, நெம்புகோலை விடுவித்த சில விநாடிகளில் கத்தி நிற்கிறதா என்று சோதித்தறிய வேண்டும். நில்லாவிடில் யந்திரத்தை உபயோகிக்கலாகாது.

பஞ்சாயத்து செய்ய வேண்டியது

நாம் கூறிய கிராமத்தில், மூடியில் இறுகிய புல்லும், துருவேறி நின்ற இரும்புக் கையுமே குற்றவாளிகள். சிறிது கிரீஸ், ஒரு ஸ்பிரிங், சரியான ஒரு பெல்ட் — இவ்வளவே செலவு. யந்திரம் இன்றும் உழைக்கிறது. ஏலத் தீர்மானம் கைவிடப்பட்டது.

இம்முறை புல்வெட்டிக்கு மட்டுமன்று. மாவு மில், தீவனம் நறுக்கும் யந்திரம், பவர் டில்லர் ஆகியவற்றிலும் பெல்ட் வழுக்கினால் காரணத்தைத் தேடும் வழி பெரும்பாலும் இதுவே. பஞ்சாயத்துக்குச் சொந்தமான ஒவ்வொரு யந்திரத்திற்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, பெல்ட் எண்ணையும், மாற்றிய தேதியையும், கண்ட பழுதையும் எழுதிவர வேண்டும். யந்திரம் நிற்கும் கொட்டகையின் சுவரில் பெல்ட் எண்ணைப் பெயின்டால் எழுதிவைப்பதும் நலம். ஐப்பசிக்கு முன் ஒரு நாள் இந்த ஐந்து சோதனைகளையும் செய்துவிட்டால், மழைக்குப் பின் யந்திரம் படுத்துவிட்டது என்னும் புகார் பெரிதும் குறையும்.