இடிமேகத்துக்குள் ஒரு துகள் முடுக்கி

2015 செப்டம்பரில் டென்மார்க் விண்வெளி வீரர் ஆண்ட்ரியாஸ் மொகன்சன், சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வங்காள விரிகுடாவின் இடிமேகங்களைப் படம்பிடித்தார். 160 நொடி ஓடும் அந்த வீடியோவில், மேக உச்சியில் 245 நீல மின்வெட்டுகள் பதிவாகியிருந்தன. நீலத் தாரை ஒன்று 40 கி.மீ. உயரம்வரை பாய்ந்தது. கீழே குடைபிடித்து நிற்கும் நமக்கு இந்த வாணவேடிக்கை தெரிவதே இல்லை.

கேமராவுக்கும் தெரியாத ஒன்று அதே மேகங்களிலிருந்து கிளம்புவதுண்டு: காமா கதிர். இது வெறும் வெப்பத்தால் பிறப்பதல்ல. அதிவேகத் துகள்கள் அணுக்கருக்களை நெருங்கும்போதோ அவற்றில் மோதும்போதோ பிறக்கும். சூரியத் தீப்பிழம்புகளில் இது நடப்பதை 1972 ஆகஸ்டில் ஓஎஸ்ஓ-7 செயற்கைக்கோள் காட்டியது. பூமியின் இடிமேகங்களும் காமா கதிரை உமிழ்கின்றன என்ற செய்தி 1994-ல் வெளியானபோது விஞ்ஞானிகளே திகைத்தார்கள். ஆனால், மின்னலின் எந்தக் கட்டத்தில் அது பிறக்கிறது என்பது பிடிபடவில்லை.

அதைக் கண்டறியப் புறப்பட்டதுதான் ‘அசிம்’. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டார்ஸ்டன் நியூபெர்ட் தலைமையிலான திட்டம் இது. 314 கிலோ எடையுள்ள இந்தக் கருவித்தொகுப்பு, 2018 ஏப்ரலில் விண்வெளி நிலையத்தின் கொலம்பஸ் கூடத்துக்கு வெளியே பொருத்தப்பட்டது. காமா கதிரையும் மின்னலின் ஒளியையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்து, எது முந்தியது என்று மில்லிநொடியின் சிறு பங்குவரை துல்லியமாகச் சொல்லும்.

2018 அக்டோபர் 10 அன்று இந்தோனேசியா அருகே ஒரு மின்னல் சிக்கியது. முதலில் காமா கதிர் தெறித்தது. அதையொட்டி மின்னலின் பெரும் ஒளி. அயனிமண்டலத்தில் வளையமாக விரியும் புறஊதா ஒளி. மேகத்துக்குள் மின்னல் தடம் போட்டு முன்னேறி, பெருமின்னோட்டம் பாயத் தொடங்கும் தறுவாயில்தான் காமா பிறக்கிறது என்பது தெளிவானது. அப்போதைய கடும் மின்புலத்தில் எலெக்ட்ரான்கள், மோதலில் இழப்பதைவிட அதிக ஆற்றலைப் பெற்றுப் பல்கிப் பெருகுகின்றன. காற்றின் அணுக்கருக்களை ஒட்டி வளையும்போது காமா கதிரை உமிழ்கின்றன.

இதைச் சூரியனோடு ஒப்பிடலாம். சூரியத் தீப்பிழம்புகளின் காமா நிறமாலையில் 2.223 மெகா எலெக்ட்ரான்வோல்ட்டில் ஒரு கூர்முனை இருக்கும். அங்கே வேகமெடுத்த புரோட்டான்களும் அயனிகளும் அணுக்கருக்களைச் சிதைத்து நியூட்ரான்களை வெளியேற்ற, ஹைட்ரஜன் அவற்றைப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. விண்ணிலிருந்து பார்க்கும் மின்னலின் காமா நிறமாலையோ பெரும்பாலும் கூர்முனையின்றி வழவழப்பாக இறங்குகிறது. மேகத்தில் முடுக்கம் பெறுவது எலெக்ட்ரான். சூரியனில் எலெக்ட்ரானோடு அயனிகளும். கோடி கோடி டிகிரி வெப்பமெல்லாம் தேவையில்லை. போதிய மின்புலம் அமைந்தால், குளிர்ந்த மேகமும் காமா கதிரைப் பிறப்பிக்கும்.