சோழர் காலத்துக் கூலிக்காரர் என்ன சாப்பிட்டார்?

கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயிலுக்குக் கல் சுமந்தவர் மதியம் என்ன சாப்பிட்டார்? கல்வெட்டு சொல்லாது. கோயிலுக்கு அளந்த நெல், விளக்கெரிக்க விட்ட ஆடு என்று சோழர் கல்வெட்டுகளில் கணக்குக்குக் குறைவில்லை. கூலிக்காரர் கலயத்தில் இருந்தது நெல்லுச்சோறா, வரகுச்சோறா என்று கல்லில் வெட்ட யார் செலவழிப்பார்கள்?

எலும்பு கிடைத்தால் கேட்கலாம். காற்றிலுள்ள கார்பனில் சுமார் 1.1 விழுக்காடு, கொஞ்சம் கனமான கார்பன்-13. நெல், பயறு வகைகள் அதைப் பெருமளவு ஒதுக்கிவிடும். வரகு, கம்பு, கேழ்வரகு, சோளம் அவ்வளவாக ஒதுக்குவதில்லை. இந்த வித்தியாசம் தின்றவர் எலும்பின் கொல்லாஜன் புரதத்தில் தங்கிவிடுகிறது. ஆய்வக அளவுகோலில் முதல் வகையை மட்டுமே உண்டவர் மைனஸ் 20-ஐ ஒட்டி நிற்பார். இரண்டாம் வகைக்காரர் மைனஸ் 7 பக்கம். வட அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் இரண்டாம் வகையான மக்காச்சோளம் புகுந்ததை ஆய்வாளர்கள் வான் டெர் மெர்வேயும் வோகலும் 1978-இல் இப்படித்தான் காட்டினார்கள். இறைச்சியும் மீனும் கூடினால் கனமான நைட்ரஜன்-15 அளவு ஏறும்.

இப்படிக் கனம் வேறுபடும் அணுக்களை அளக்கும் ஐசோடோப்புச் சோதனை, கங்கைகொண்ட சோழபுரம் இருக்கும் அரியலூருக்கு அடுத்த பெரம்பலூருக்குப் புதிதல்ல. அங்கே காரை என்ற ஊரின் பள்ளங்களில் கிடைக்கும் பெலெம்னைட், கணவாயின் தூரத்து உறவு. அதன் ஆக்சிஜனை வைத்து, சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த கடலின் வெப்பத்தையே கணித்திருக்கிறார்கள்.

மனிதருக்கு வந்தால், அரியலூர், பெரம்பலூர் ஆகிய இரு மாவட்டங்களும் தோதான இடம். கொள்ளிடக் கரையில் திருமானூர், தா.பழூர் பக்கம் நெல். மேற்கே மானாவாரிக் காடு. பல்லின் எனாமல் சிறுவயதில் உருவானது உருவானதுதான். எலும்போ ஆயுள் முழுக்கப் புதுப்பிக்கப்படும். கொள்ளிடக் கரையில் பிறந்து மேட்டுக்காட்டுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணின் பல் நெல்லைச் சொல்லும், எலும்பு வரகைச் சொல்லும். எந்த மெய்க்கீர்த்தியும் பாடாத செய்தி இது.

சிக்கல்களும் உண்டு. நம் வெயிலிலும் மண்ணிலும் கொல்லாஜன் சீக்கிரம் அழியும். பெரும்பாலும் பல்லைத்தான் நம்ப வேண்டும். தவிர, வரகையும் கம்பையும் கார்பன் பிரித்துக் காட்டாது. நெல்லுச்சோறே உண்டவரானாலும், சோளத்தட்டை தின்ற மாட்டின் பாலைக் குடித்திருந்தால் கணக்கு நகர்ந்துவிடும்.

இன்றும் அதே குழப்பம்தான். பெரம்பலூர்க் காடுகளில் இப்போது மக்காச்சோளம் ஏராளம். கோழித் தீவனமாக நாமக்கல் வரை போகும் மக்காச்சோளம், சத்துணவு முட்டையாகப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறது. ரேஷன் அரிசியில் வளரும் பிள்ளையின் தலைமுடியைச் சோதித்தால் மக்காச்சோளமும் கலந்து தெரியும், அந்தப் பிள்ளை ஒரு கதிரைக்கூடக் கடித்திருக்காவிட்டாலும்.