வீட்டுக் கணினியிலிருந்து புறப்படும் மின்னஞ்சல்: தடைகளும் அவற்றின் காரணங்களும்

தென்மராட்சியின் தலைப்பட்டினமாகிய சாவகச்சேரி, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதியில் அமைந்துள்ளது. 2006 ஆகஸ்டில் அவ்வீதி மூடப்பட்டபோது ஊருக்கும் வெளிக்கும் இடையிலான தரைவழி அற்றுப்போயிற்று. இன்று வீதி திறந்திருக்கின்றது, இணையமும் வந்துள்ளது. எனினும் இவ்வூர் வீடொன்றிலிருந்து ஒருவர் தம் சொந்தக் கணினி வழியே மின்னஞ்சல் அனுப்ப முற்படுவாராயின், கண்ணுக்குப் புலப்படாத வேறு சில தடைகளை எதிர்கொள்கின்றார். அவை யாவை, ஏன் தோன்றின, எவ்வாறு கண்டறியலாம் என்பவற்றை எமது அனுபவமொன்றை ஆதாரமாகக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சனசமூக நிலையமொன்றின் ஆண்டுக் கணக்கறிக்கையைப் புலம்பெயர்ந்து வாழும் நன்கொடையாளர்க்கு அனுப்பும் பொறுப்பை நாம் ஏற்றிருந்தோம். பழைய கணினியொன்றில் டெபியன் லினக்ஸையும் போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் அஞ்சல் மென்பொருளையும் நிறுவி, நிலையத்திற்கெனப் பதிவு செய்த இணையப் பெயரிலிருந்து கடிதங்களை அனுப்பினோம். திரையில் எப்பிழையும் தோன்றவில்லை. ஒரு மாதத்தின் பின், “பணம் வாங்கினார்கள், கணக்குக் காட்டவில்லை” என்னும் பேச்சு வெளிநாட்டிலிருந்து எம் காதுக்கு எட்டியது. கடிதங்களுள் ஒன்றேனும் சென்று சேர்ந்திருக்கவில்லை. திரும்பி வந்த அறிவித்தல்கள் நாம் திறந்து பாராத உள்ளூர் அஞ்சற்பெட்டியொன்றிற் குவிந்து கிடந்தன.

1. தடைகளின் தோற்றம்

மின்னஞ்சலைக் கணினிக்குக் கணினி கையளிக்கும் எஸ்.எம்.டி.பி. என்னும் நெறிமுறையை 1982இல் ஜொன் பொஸ்ரல் வரையறுத்தார். ஆய்வு நிறுவனங்கள் சிலவற்றின் கணினிகளே இணைந்திருந்த காலம் அது. எக்கணினியும் எக்கணினிக்கும் 25ஆம் எண் போர்ட் வழியே கடிதம் கையளிக்கலாம். அனுப்புநர் தாம் கூறும் பெயருக்கு உரியவர்தாமா என்று எவரும் வினவுவதில்லை. இச்சமத்துவம் அந்நெறிமுறையின் சிறப்பாகவும் அதன் பலவீனமாகவும் அமைந்தது. விளம்பரக் குப்பை அஞ்சல்கள் பெருகின. 2003இல் பரவிய சோபிக் போன்ற நச்சுநிரல்கள் வீட்டுக் கணினிகளைக் கைப்பற்றி, உரிமையாளர் அறியாமலே அவற்றைக் குப்பை அஞ்சல் அனுப்பும் கருவிகளாக்கின. இதன் விளைவாக, வீட்டிலிருந்து நேரே புறப்படும் கடிதம் எதுவாயினும் ஐயத்துக்குரியது என்னும் நிலை உருவாயிற்று. குற்றம் செய்தவர் சிலர்; தண்டனையோ வீட்டு இணைப்பு வைத்திருப்போர் யாவருக்கும் பொதுவாயிற்று.

2. கடிதம் வீட்டை விட்டுப் புறப்பட்டதா?

கோளாற்றைத் தேடுவோர் முதலில் வினவவேண்டியது இதுவே. போஸ்ட்ஃபிக்ஸ் ஒவ்வொரு கடிதத்தின் கதியையும் தன் பதிவேட்டில் எழுதுகின்றது: அனுப்பப்பட்டது, பிற்போடப்பட்டது, திரும்பியது. பிற்போடப்பட்ட கடிதம் வரிசையிற் காத்திருக்க, மென்பொருள் வழக்கமாக ஐந்து நாள் வரை மீண்டும் மீண்டும் முயன்று, அதன்பின் கைவிடும். எமது பதிவேட்டில் எல்லாக் கடிதங்களுக்கும் ஒரே குறிப்பே காணப்பட்டது. தொடர்பு ஏற்படாமலே நேரம் கடந்தது என்பதே அது. இணையத்தளங்கள் யாவும் திறக்க, பல்வேறு நிறுவனங்களின் அஞ்சற் கணினிகள் மாத்திரம் 25ஆம் போர்ட்டில் மறுமொழி தராவிடின், இணைப்பு வழங்குநர் அப்போர்ட்டை அடைத்துள்ளார் என்றே பெரும்பாலும் கொள்ளவேண்டும். மென்பொருளின் அமைப்புக் கோப்பை எத்துணை திருத்தினும் இதற்குப் பரிகாரம் இல்லை. இதனை உணராது அக்கோப்புடன் நாம் பல இரவுகளைக் கழித்தோம்.

3. மறுபுறத்து வாயிலில்

25ஆம் போர்ட் திறந்திருப்பினும் கடிதம் ஏற்கப்படும் என்பதற்கில்லை. பெறுங்கணினி மூன்றிலக்க எண்ணொன்றால் மறுமொழி கூறும். 2இல் தொடங்குவது ஏற்பு. 4இல் தொடங்குவது தற்காலிகத் தடை. 5இல் தொடங்குவது நிரந்தர மறுப்பு. முன்பின் அறியாத அனுப்புநரைச் சிறிது பொறுத்து வருமாறு கூறும் வழக்கமும் உண்டாதலால், 4ஆம் வகை மறுமொழிக்குக் காத்திருத்தலே பெரும்பாலும் போதுமானது. 5ஆம் வகையே கவனத்துக்குரியது.

அதன் காரணங்களுள் இரண்டு முதன்மையானவை. முதலாவது, வீட்டு இணைப்புகளுக்குரிய ஐ.பி. முகவரிகள் தடுப்புப் பட்டியல்களில் இடம்பெறுதல். ஸ்பாம்ஹவுஸ் அமைப்பு பேணும் பட்டியல்களுள் ஒன்று, நேரே அஞ்சல் அனுப்பலாகாத முகவரிகளுக்கென்றே அமைந்தது. அம்முகவரிக்குரியவர் தவறு செய்திருக்கவேண்டியதில்லை. இரண்டாவது, ஐ.பி. முகவரியிலிருந்து பெயரை அறியும் தலைகீழ்ப் பதிவு இன்மை. இணையப் பெயர் எமதாயினும் ஐ.பி. முகவரி வழங்குநருடையது; எனவே அப்பதிவை அவரே இடவேண்டும். வீட்டு வாடிக்கையாளர்க்கு இதனைச் செய்து கொடுப்போர் அரியர்.

4. ஏற்கப்பட்டும் காணப்படாத கடிதம்

கடிதம் ஏற்கப்பட்டபின் குப்பைப் பெட்டியில் வீழ்தலும் உண்டு. இதனைத் தவிர்க்க மூன்று சான்றுகள் தேவைப்படுகின்றன. எந்தக் கணினிகள் எமது பெயரில் அனுப்பலாம் என அறிவிப்பது எஸ்.பி.எஃப்.; கடிதத்தில் இடப்படும் மறைகுறிக் கையொப்பம் டி.கே.ஐ.எம்.; இவை பொருந்தாவிடின் யாது செய்வதெனக் கூறுவது டிமார்க். மூன்றும் இணையப் பெயரின் டி.என்.எஸ். பதிவுகளாக வெளியிடப்படுபவை. 2024 பெப்ரவரி முதல் கூகுள், யாகூ ஆகிய நிறுவனங்கள் அனுப்புநர் யாவரிடமும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். ஆகியவற்றுள் ஒன்றையேனும், பெருந்தொகையாக அனுப்புவோரிடம் மூன்றையும் கோருகின்றன.

இவற்றோடு எம்மிடமே இருந்த குறையொன்றையும் கூறல்வேண்டும். எமது பழைய கணினியின் உள்மின்கலம் வலுவிழந்திருந்தமையால், மின்தடையின் பின் அதன் நாட்காட்டி பல்லாண்டுகள் பின்னோக்கிச் சென்றிருந்தது. தவறான திகதி தாங்கிய கடிதம் எங்கும் ஐயத்தையே தோற்றுவிக்கும். வலையமைப்பு வழியே நேரத்தைத் திருத்தும் ஒழுங்கைச் செய்ததோடு அக்குறை நீங்கிற்று.

5. நாம் கண்ட தீர்வு

இறுதியில், கடிதங்களை நேரே கையளிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, அஞ்சல் கடத்தும் சேவையொன்றிடம் 587ஆம் போர்ட் வழியே, கடவுச்சொல்லுடனும் மறைகுறி இணைப்புடனும் ஒப்படைத்தோம். அச்சேவையின் கணினிகளை எமது எஸ்.பி.எஃப். பதிவிற் சேர்த்தோம், டி.கே.ஐ.எம். கையொப்பத்தை எமது கணினியிலேயே இட்டோம். கணக்கறிக்கை உரியவர்களைச் சென்றடைந்தது. தாமதத்தின் காரணத்தை விளக்கும் கடிதமொன்றையும் உடன் அனுப்பினோம்.

இத்தீர்வு சுதந்திரத்தை விட்டுக்கொடுப்பதாகாதா என வினவலாம். 1990களின் தொடக்கத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கு மின்னஞ்சல் அறிமுகமானபோதும், கடிதங்கள் திரட்டப்பட்டுத் தொலைபேசி இணைப்பு வழியே இடைக்கணினியொன்றுக்கே கடத்தப்பட்டன. எனவே இடையிலொருவர் சுமந்து செல்லுதல் மின்னஞ்சலுக்குப் புதிதன்று. யாருடைய கடிதம் ஏற்புடையது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஒருசில பெருநிறுவனங்களிடம் குவிந்திருப்பதே புதிது. அவற்றின் விதிகள் குப்பை அஞ்சலைக் குறைத்துள்ளன என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆயினும் அவ்விதிகளை வகுக்கும் இடத்தில் சாவகச்சேரியின் சனசமூக நிலையத்துக்குக் குரல் இல்லை.

ஆகவே சிறு அமைப்புகள் கைவிடலாகாதவை மூன்று என்பது எமது கருத்து. இணையப் பெயர் அமைப்பின் சொந்தப் பதிவாக இருத்தல் வேண்டும். கடிதங்களின் மூலப்படி அமைப்பின் கணினியிலேயே பேணப்படல் வேண்டும். பதிவேட்டை வாசிக்கத் தெரிந்தவர் இருவரேனும் ஊரில் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் உள்ளவரை, சுமப்பவர் மறுத்தால் வேறொருவரிடம் சுமையை மாற்றலாம்.