பேப்பாறைக் காட்டுக்கு யார் அதிகாரி?

வித்துராவை அடுத்த பேப்பாறை வனவிலங்கு சரணாலயம் இன்று உலகப் பாரம்பரிய இடங்களில் ஒன்று. 2012 ஜூலையில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, மேற்குத் தொடர்ச்சி மலையில் 39 இடங்களைப் பட்டியலில் சேர்த்தது. அதில் அகத்தியமலைத் தொகுதியில் மட்டும் ஆறு இடங்கள்: நம்ம பேப்பாறை, நெய்யாறு, செந்துருணி, குளத்துப்புழை, பாலோடு, மலைக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலிச் சீமையின் களக்காடு-முண்டந்துறை.

"அப்படீன்னா இந்தக் காடு இனிமே யுனெஸ்கோவுக்குச் சொந்தமா? நம்ம சர்க்காருக்கு அதிகாரம் போயிடுச்சா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நாடுகளும் நாடுகளுக்கு மேலான அமைப்புகளும் அதிகாரத்தை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதற்கு இந்தக் காட்டையே உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

கொடுத்தால்தான் அதிகாரம்

உலகப் பாரம்பரிய உடன்படிக்கை 1972-ல் உருவானது. இந்தியா 1977-ல் அதில் சேர்ந்தது. ஓர் இடத்தைப் பட்டியலுக்கு முன்மொழிய வேண்டியது அந்த நாடுதான். நம்மைக் கேட்காமல் நம்ம காட்டை யாரும் சேர்த்துவிட முடியாது. அந்தந்த நாட்டின் இறையாண்மையை முழுமையாக மதிக்க வேண்டும் என்று உடன்படிக்கையே சொல்கிறது.

முடிவெடுக்கும் குழுவில் இருப்பது 21 நாடுகளின் பிரதிநிதிகள். யோசனை சொல்ல நிபுணர் அமைப்புகள் உண்டு. 2012-ல் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம், நமது விண்ணப்பத்தை ஒத்திவைத்து மேலும் செம்மைப்படுத்தலாம் என்றுதான் பரிந்துரை செய்தது. குழு அதைக் கேட்காமல் சேர்த்துக்கொண்டது. ஆக, நிபுணர் பேசலாம். கை தூக்குவது நாடுகள்தான்.

சரி, பாதுகாக்காமல் விட்டால் என்ன செய்வார்கள்? யுனெஸ்கோவுக்குப் போலீஸ் கிடையாது. ஆபத்தில் உள்ள இடம் என்று அறிவிக்கலாம். அசாமின் மானஸ் காடு 1992 முதல் 2011 வரை அந்தப் பட்டியலில் இருந்தது. அதற்கும் மேலே போனால் பட்டியலிலிருந்தே நீக்கலாம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டியதால் 2009-ல் எல்பே பள்ளத்தாக்கின் தகுதி போனது. பாலத்தைத் தடுக்க முடியவில்லை; பட்டத்தைத்தான் பறிக்க முடிந்தது.

இன்னொரு வகை

எல்லா அமைப்பும் இப்படி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடுகள் அதிகாரத்தில் ஒரு பகுதியை நிஜமாகவே ஒப்படைத்திருக்கின்றன. அதன் சட்டம் நாட்டுச் சட்டத்தோடு மோதினால் ஒன்றியச் சட்டமே மேல் என்று அதன் நீதிமன்றம் 1964-லேயே தீர்ப்பளித்தது.

நாம் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து தங்குவதற்கு யாரிடமும் விசா கேட்கவில்லை. அந்த உரிமையை நமக்கு இந்திய அரசியல் சட்டம் தருகிறது. ஐரோப்பாவில் ஒரு நாட்டார் இன்னொரு நாட்டில் போய்ப் பிழைக்க அதே மாதிரி உரிமையைத் தருவது ஒன்றியத்தின் ஒப்பந்தங்கள். 2020 ஜனவரி 31-ல் பிரிட்டன் வெளியேறியது. மாற்றக் காலம் அந்த ஆண்டு முடிவோடு தீர்ந்ததும் அந்த நாட்டு மக்கள் இந்த உரிமையை இழந்தார்கள். கொடுத்த அதிகாரத்தைத் திரும்ப எடுக்கலாம். அதற்கு ஒரு விலையும் உண்டு.

கீழே இருப்பவருக்கு என்ன?

உலக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது தில்லி. நமது அரசியல் சட்டத்தின் 253-ஆவது பிரிவின்படி, அதை நிறைவேற்ற மாநிலப் பட்டியலில் உள்ள விஷயத்திலும் நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம். ஆகவே உலக அமைப்பு வளர்ந்தால், மாநிலத்தைவிட மத்திய அரசின் கையே பல நேரம் ஓங்குகிறது. இது பலரும் கவனிக்காத சங்கதி.

ஆனால் காட்டுக்குள்ளேயே வாழும் காணிக்காரர்கள்? அகத்தியமலையில் 1987-ல் ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டிப் போன காணிகள், களைப்பைப் போக்கும் ஆரோக்கியப்பச்சையைக் காட்டிக்கொடுத்தார்கள். பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து மருந்து செய்து, 1995-ல் தயாரிக்கும் உரிமையை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தது. வந்த தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-ல் அவர்களுக்கென்று ஒரு அறக்கட்டளையும் ஏற்பட்டது. 1992-ன் பல்லுயிர் உடன்படிக்கை, உயிரின வளம் அந்தந்த நாட்டின் உரிமை என்று சொன்னதோடு நிற்காமல், பழங்குடி அறிவின் பலனில் அவர்களுக்கும் பங்கு வேண்டும் என்றது. அந்தக் கொள்கையை நடைமுறையில் காட்டிய முன்னோடிகளில் ஒன்று நம்ம பக்கத்து ஊர்.

ஆக, பேப்பாறைக் காட்டுக்கு யார் அதிகாரி? அன்றாட நிர்வாகம் கேரள வனத்துறை. சட்டம் பெரும்பாலும் மத்திய அரசு. கண்காணிக்கும் கண் யுனெஸ்கோ. 2006-ன் வன உரிமைச் சட்டப்படி காட்டுவாசியின் உரிமைக் கோரிக்கையை முதலில் விசாரிப்பது கிராம சபை. பாரிஸிலும் தில்லியிலும் நடப்பதில் நம்ம குரல் நேரடியாக எட்டாது. கிராம சபைக் கூட்டம் நம்ம வீட்டுக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது. இங்கே வாக்குரிமை உள்ள நம்மவர்கள் அதற்காவது தவறாமல் போக வேண்டாமா?