தாலி கட்டும் நொடி

சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம். வேப்ப மரம் பூத்துக் குலுங்கும். கொன்றை சரம் சரமாகத் தொங்கும். மல்லிகை மலிந்து கிடக்கும். ஊரெங்கும் கலியாண மேளம் கேட்கும்.

கலியாண வீட்டில் வேலை பார்ப்பவர்கள் பலர். சமையல்காரர் இருக்கிறார். நாதசுரக்காரர் இருக்கிறார். பந்தல்காரர், பூக்காரர், புரோகிதர் இருக்கிறார்கள். இவர்கள் வேலையில் சிறு குறை வந்தாலும் சரிக்கட்டி விடலாம். சாம்பாரில் உப்புக் குறைந்தால் போட்டுக் கொள்ளலாம். மாலை அறுந்தால் வேறு மாலை வாங்கலாம்.

போட்டோக்காரரின் வேலை அப்படி அல்ல. மாப்பிள்ளை தாலி கட்டுவது ஒரே ஒரு முறை. மூன்று முடிச்சும் விழ அதிக நேரம் ஆகாது. அந்த நேரத்தில் படம் விழாமல் போனால், "தாலியை அவிழ்த்து இன்னொரு முறை கட்டுங்கள்" என்று யாராவது சொல்ல முடியுமா?

அந்தச் சில நொடிகளுக்காக அவர் முதல் நாள் மாலையிலிருந்தே பாடுபடுகிறார்.

விடியுமுன் வேலை

பல குடும்பங்களில் முகூர்த்தம் அதிகாலையில்தான். 4.30 மணிக்கு மேல் 6 மணிக்குள் என்று பத்திரிகையில் அச்சடித்திருப்பார்கள். சித்திரை மாதத்தில் சூரியன் உதிக்கச் சுமார் 6 மணி ஆகிவிடும். ஆகவே வெளிச்சம் இல்லாத நேரத்தில்தான் முக்கியமான படம் எடுக்க வேண்டும்.

அனுபவம் உள்ள போட்டோக்காரர் முதல் நாளே மண்டபத்துக்கு வந்து பார்ப்பார். மணவறை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது? விளக்குகள் எங்கே? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா? ஹோமப் புகை எந்தப் பக்கம் போகும்? இத்தனையும் கவனிப்பார்.

புகை ஒரு பெரிய தொல்லை. பிளாஷ் விளக்கின் ஒளி புகையில் பட்டால் படம் முழுவதும் பால் கொட்டியது போல ஆகிவிடும். அதனால் புகைக்கு நேர் எதிரே நிற்க மாட்டார். சற்று ஒதுங்கிப் பக்கவாட்டில் நிற்பார்.

இன்னொரு தொல்லையும் உண்டு. மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வெள்ளை. பெண்ணின் கூறைப் புடவை அரக்கு. தலையில் மல்லிகைச் சரம் வெள்ளை. கூந்தல் கருமை. வேட்டிக்குத் தக்கபடி காமிராவில் ஒளியை அமைத்தால் புடவை கறுத்துப் போகும். புடவைக்குத் தக்கபடி அமைத்தால் வேட்டி வெளுத்து, கரை கூடத் தெரியாமல் போகும். இரண்டையும் விட்டு முகத்தைப் பார்த்து அமைப்பவரே தொழில் தெரிந்தவர்.

தட்டு திரும்பி வருகிறது!

தாலி கட்டும் நேரம் நெருங்குவதை எப்படித் தெரிந்து கொள்வது? கலியாணச் சடங்கே அதைச் சொல்லிக் கொடுக்கும்.

தேங்காய் மேல் தாலியை வைத்துத் தட்டில் எடுத்து வருவார்கள். சபையில் உள்ள பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டு ஆசி கூறுவார்கள். அட்சதை கொடுப்பார்கள். தட்டு சபையைச் சுற்றி விட்டு மணவறைக்குத் திரும்பி வரும். அதுதான் அடையாளம். அதற்குப் பிறகு போட்டோக்காரர் காமிராவிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று குரல் எழும். தவிலும் நாதசுரமும் ஒன்றாக முழங்கும். வேறு எந்தச் சத்தமும் அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் அந்த முழக்கம். அதே நொடியில் நாலாபக்கமும் அட்சதை பறக்கும். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நிற்பார்கள். காமிராவுக்கு எதிரே யாருடைய முதுகோ வந்து நிற்கும்!

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தாலியின் முடிச்சு கழுத்துக்குப் பின்னால் விழுகிறது. மாப்பிள்ளை குனிகிறார். அவர் கை பெண்ணின் முகத்தை மறைக்கிறது. பின்னால் நாத்தனார் நிற்கிறாள். பல குடும்பங்களில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, அடுத்த இரண்டு முடிச்சுகளையும் அவள் போடுவாள். முடிச்சை எடுப்பதா, முகத்தை எடுப்பதா?

முகத்தைத்தான் எடுக்க வேண்டும். எல்லாத் தாலியின் முடிச்சும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெண் அப்போது தலை குனிந்ததும், அவள் தாய் கண்ணைத் துடைத்துக் கொண்டதும் அந்த வீட்டுக்கு மட்டுமே உரியவை.

இந்தக் காலத்தில் புதிய இடையூறு ஒன்று வந்திருக்கிறது. தாலி கட்டும் நேரத்தில் ஐம்பது பேர் செல்போனை உயர்த்திப் பிடிக்கிறார்கள். விளைவு என்ன? கலியாண ஆல்பத்தில் மணமக்களுக்கு முன்னால் ஐம்பது கைகள் தெரிகின்றன! அந்த ஒரு நிமிடம் மட்டும் செல்போனை மடியில் வைத்தால், படமும் நன்றாக விழும். கலியாணத்தைக் கண்ணாரக் கண்டதாகவும் இருக்கும்.

உச்சி வெயில்

முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும். பிறகு மணமக்களை வெளியே அழைத்துப் போய் மரத்தடியில் படம் எடுக்க ஆசைப்படுவார்கள். பூக்காலம் அல்லவா?

ஆனால் தமிழ்நாட்டில் சித்திரை மாத நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கிறது. மதுரையில் ஏப்ரல் நடுவிலும், சென்னையில் ஏப்ரல் 25-ந் தேதி வாக்கிலும் அது உச்சந்தலைக்கே வந்துவிடும். அப்போது படம் எடுத்தால் நெற்றி பளபளக்கும். கண் இருக்கும் இடத்தில் கருங்குழி விழும். மூக்கின் நிழல் மீசை போலத் தெரியும்.

காலை 8 மணிக்கு முன்போ, மாலை 5 மணிக்குப் பின்போ எடுத்தால் முகம் மலர்ந்திருக்கும். நடுப்பகலில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் திண்ணையே நல்லது. நிழலில் இருந்து கொண்டு, வெளிச்சம் வரும் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றால் போதும்.

அசைந்து விட்ட ராணி

காமிராக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. முதன் முதலில் பாரீஸ் நகரில்தான் அதை விளக்கிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே, 1840 பிப்ரவரியில், இங்கிலாந்தின் விக்டோரியா ராணிக்குத் திருமணம் நடந்தது. ஆனால் அந்தக் கலியாணத்துக்குப் போட்டோ கிடையாது.

அவருடைய மூத்த மகளின் திருமணம் 1858 ஜனவரி 25-ல் நடந்தது. அன்று தாய், தந்தை, மகள் மூவரையும் படம் எடுத்தார்கள். அந்த நாளில் படம் விழுவதற்குச் சில நொடிகள் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். மகளைப் பிரியும் கலக்கத்தில் ராணியால் அசையாமல் இருக்க முடியவில்லை. அவர் முகம் கலங்கலாகவே விழுந்தது. அந்தப் படம் இன்றும் இருக்கிறது. ராணியானாலும் தாய் தாய்தானே!

தமிழ்நாட்டில் கலியாண வீட்டுக்குக் காமிரா வருவதற்குப் பல காலம் ஆயிற்று. "போட்டோ எடுத்தால் ஆயுள் குறையும்" என்று பயந்தவர்கள் உண்டு. பயம் தெளிந்த பிறகு, கலியாணம் முடிந்து சில நாள் கழித்து மணமக்கள் ஸ்டூடியோவுக்குப் போவார்கள். எழுதிய திரைக்கு முன்னால் ஒருவர் நாற்காலியில் அமர, மற்றவர் பக்கத்தில் நிற்பார். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்ப்பார். சிரிப்பதற்கு இடமே இல்லை!

வீட்டுக்குள் எடுக்க வெளிச்சம் வேண்டும். முதலில் மக்னீசியத் தூளைக் கொளுத்தினார்கள். பளீரென்று எரியும், பந்தல் முழுவதும் புகை மண்டும். 1930 வாக்கில் ஜெர்மனியில் பிளாஷ் பல்பு விற்பனைக்கு வந்தது. ஒரு பல்புக்கு ஒரு படம்தான். பிறகு தூக்கி எறிய வேண்டியதுதான்.

அப்போது ஒரு பிலிம் சுருளில் 12 சதுரப் படங்கள் விழும். பன்னிரண்டும் தீர்ந்தால் சுருளை மாற்ற வேண்டும். ஆகவே போட்டோக்காரர் எண்ணி எண்ணித்தான் எடுப்பார். பின்னர் 36 படம் விழும் சிறு சுருள் பரவியது. பிலிம் செய்வதற்கென்றே ஊட்டியில் அரசாங்க ஆலை 1960-ல் நிறுவப்பட்டு, 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் அதன் பிலிமும் காகிதமும் விற்பனையாயின. அந்த ஆலை இன்று மூடிக் கிடக்கிறது. டிஜிட்டல் காமிரா வந்த பிறகு பிலிம் சுருளுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

இன்று ஒரே கலியாணத்தில் ஆயிரக்கணக்கான படம் எடுக்கிறார்கள். ஆனால் தாலி கட்டும் நொடி நீளவில்லை. பன்னிரண்டு படம் எடுத்தவருக்கும், பன்னிரண்டாயிரம் படம் எடுப்பவருக்கும் அது ஒன்றுதான்.

கலியாணத்துக்கு வர முடியாதவர்கள்

2020-ம் ஆண்டின் இளவேனிலை யாரும் மறக்க முடியாது. கொரோனா நோய் பரவியது. மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. எத்தனையோ கலியாணங்கள் தள்ளிப் போயின. நடந்த கலியாணங்களிலும் 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று மே மாதத்தில் விதி இருந்தது.

தாய்மாமனால் வர முடியவில்லை. பாட்டியால் வர முடியவில்லை. செல்போன் திரையில் பேத்தியின் கலியாணத்தைப் பார்த்து, வீட்டிலிருந்தே அட்சதை போட்டவர்கள் உண்டு. ஆடம்பரம் என்று பலரும் நினைத்த கலியாணப் படம், அந்த ஆண்டில் உறவினரைச் சேர்த்து வைக்கும் பாலமாக இருந்தது.

தொழில் செய்கிறவர்களுக்கும் அது சோதனைக் காலம். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் கலியாணம் கிடையாது. முகூர்த்த நாட்களில் சம்பாதிப்பதை வைத்துத்தான் மற்ற மாதங்களை ஓட்ட வேண்டும். சித்திரையும் வைகாசியும் கைவிட்டால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்?

பாட்டி எங்கே?

கலியாண ஆல்பத்தைப் புதிதில் பார்க்கும்போது நாம் மணமக்களைத்தான் பார்ப்போம். இருபது ஆண்டு கழித்துப் பார்க்கும்போது வேறு முகங்களைத் தேடுவோம். "இதோ தாத்தா! இதோ பெரியம்மா!" என்று விரல் தடவும். அவர்கள் அப்போது உயிரோடு இருக்க மாட்டார்கள்.

பல வீடுகளில் சுவரில் மாலையுடன் தொங்கும் பாட்டியின் படம், ஏதோ ஒரு கலியாணக் கூட்டப் படத்திலிருந்து வெட்டி எடுத்துப் பெரிதாக்கியதுதான். அவளைத் தனியாக யாரும் படம் எடுத்ததில்லை. கலியாணத்தன்றும் அவள் காமிரா முன் வந்திருக்க மாட்டாள். பின்கட்டில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொண்டிருந்திருப்பாள்.

போட்டோக்காரருக்கு ஊர் தெரியும். உங்கள் உறவு தெரியாது. கோட்டுப் போட்ட விருந்தாளியை நாலு முறை எடுப்பார். மூலையில் இருக்கும் பெரியவரை விட்டுவிடுவார். குற்றம் அவருடையது அல்ல. ஆகவே யார் யாரை அவசியம் எடுக்க வேண்டும் என்று முதல் நாளே ஒரு பட்டியல் எழுதுங்கள். உறவு தெரிந்த ஒருவரை அவருடன் அனுப்புங்கள். நடக்க முடியாதவர்கள் மேடைக்கு வர வேண்டாம். மணமக்கள் அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்க் காலில் விழட்டும். அதுவே ஆல்பத்தில் சிறந்த படமாக அமையும்.

இன்னொன்றும் சொல்லி வையுங்கள். மாநிறமான பெண்ணைக் கம்ப்யூட்டரில் வெள்ளையாக்க வேண்டாம். நாளை அவள் பிள்ளை படத்தைப் பார்த்து, "இது யார், அம்மா?" என்று கேட்கக்கூடாது அல்லவா?

கடன் வாங்கிப் பெரிய ஆல்பம் போட வேண்டியதும் இல்லை. நல்ல படம் ஐம்பது இருந்தால் போதும்.

படத்தைக் காப்பது எப்படி?

படத்துக்கு முதல் எதிரி ஈரம். சுவரில் ஓதம் ஏறும் இடத்தில் மாட்டினால் பூஞ்சை பிடிக்கும். ஆல்பத்தைத் தரையில் வைக்காமல், காற்றோட்டமான அலமாரியில் வைக்க வேண்டும். பழைய ஆல்பங்களில் பசைத் தாளில் படத்தை ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாளை மூடுவார்கள். அந்தப் பசை நாளடைவில் படத்தை மஞ்சளாக்கும். அப்படிப்பட்ட ஆல்பம் வீட்டில் இருந்தால், படங்களை இப்போதே பிரதி எடுத்து வைப்பது நல்லது.

செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ உள்ள படங்களும் நிரந்தரம் அல்ல. கருவி பழுதானால் ஒரே நாளில் எல்லாம் போய்விடும். இரண்டு பிரதி எடுத்து, இரண்டு வீடுகளில் வையுங்கள். முக்கியமான படங்களைக் காகிதத்தில் அச்சிட்டுக் கொள்ளுங்கள்.

கடைசியாகச் செலவே இல்லாத ஒரு வேலை. படத்தின் பின்புறம் மெதுவாக, மெல்லிய பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். இடமிருந்து வலமாக இன்னார், இன்னார், ஊர் எது, ஆண்டு எது. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த சிறுவர்களை உட்கார வைத்துப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதச் சொல்லலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.